இருபத்தேழாம் வருஷத்தில் என் வீட்டுக்காரர்

ஜூன் 3, திங்கள்

கரிச்சட்டி,

ரயில்வே தொழிற்சங்கத்து டைரி இன்றைக்குத்தான் வந்தது. ஜனவரியில் வர வேண்டியது. உறைமேல் உன் பேர், திரு. வீரபுத்திரன், ஃபயர்மேன், ஓய்வு. தபால்காரர் கையெழுத்துக்கு உன்னைக் கேட்டார். அவர் இல்லை என்றேன். "எப்ப வருவாரு?" என்றார். நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

வருஷா வருஷம் டைரி வாங்கி நீ ஒரு எழுத்துகூட எழுதினதில்லை. வடை எண்ணெய் ஒற்றத்தான் பக்கம் பக்கமாய்க் கிழித்தோம். இந்த வருஷம் நான் எழுதலாமென்று இருக்கிறேன். அஞ்சாம் வகுப்பு எழுத்து, கோணல்மாணலாய்த்தான் வரும். ஆள் முன்னால் "இந்தாருங்க", கதவைச் சாத்தினால் கரிச்சட்டி என்று கூப்பிடுவேன். இது சாத்தின கதவுதானே.

நீ போய் நாலு மாசம். நான் நன்றாக இருக்கிறேன். ஒர்க்‌ஷாப்பில் அதே காண்ட்ராக்ட் துப்புரவு வேலை. சோறு மட்டும் இன்னும் ரெண்டு ஆளுக்கு வடிக்கிறேன், கை அப்படிப் பழகிவிட்டது. காலையில் பழையது சாப்பிடுகிறேன். பழையது உடம்புக்கு நல்லதாம்.

ஜூன் 10, திங்கள்

கல்லுப்பாலம் ஸ்டேஷன் வாசல் பூங்காவில் நின்றதே நீ கரி அள்ளிப் போட்ட நீராவி எஞ்சின், அதை இன்றைக்கு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார்கள். கிரேனில் தூக்கி, நீள லாரியில் ஏற்றி, முன்னால் போலீஸ் ஜீப். ஓடின காலத்தில்கூட அதற்கு இந்த மரியாதை கிடையாது.

அதை ஆதித் தோற்றத்துக்கு மீட்டெடுக்க வேண்டுமென்று மேலிடத்து ஆர்டர். ஓட வைக்க இல்லை. தோற்றம் மட்டும். வெள்ளைக்காரன் காலத்தில் எப்படி இருந்ததோ அப்படி.

கோமதிநாயகம் சார்தான் பொறுப்பு. திருநெல்வேலிக்காரர். நெற்றி நிறைய மூன்று பட்டை விபூதி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. நல்ல மனுஷர். மேலிடத்திலிருந்து போன் வந்தால் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பேசுவார்.

எஞ்சின் வயிற்றைத் திறந்தால் உள்ளே மூன்று கிரிக்கெட் பந்து, ஐஸ்கிரீம் கப்பு ஒரு சாக்கு, நாலு குட்டியோடு ஒரு பூனை. எஞ்சின் ஒரு செக்‌ஷனைச் சேர்ந்தது, பூனை எந்த செக்‌ஷன் என்று தெரியவில்லை. கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். பதில் வரும்வரை பூனைக்குப் பால் ஊற்றுவது நான்.

ஜூன் 19, புதன்

பெயிண்டைச் சுரண்டும் வேலை, எங்கள் எட்டுப் பேருக்கு. மேலே பச்சை. அது மரம் நட்ட விழாவுக்கு அடித்தது. அதன் கீழே நீலம், எந்த ஆபீசரோ அவர் வீட்டு ஜன்னலுக்கு வாங்கினதில் மிச்சம். அதன் கீழே சிவப்பு, எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. அதன் கீழே சந்தன நிறம். எல்லாவற்றுக்கும் கீழே கருப்பு.

கருப்பு வந்ததும் என் கை நின்றுவிட்டது. சூப்பர்வைசர் வந்து, "என்னக்கா, கை வலிக்குதா?" என்றான். ஆமாம் என்றேன்.

ஜூன் 20, வியாழன்

பூனை பற்றிப் பதில் வந்தது. பூனையின் போட்டோ இணைக்கவும் என்று.

ஜூலை 2, செவ்வாய்

டெல்லியிலிருந்து நிபுணர் வந்தார். கையில் பூதக்கண்ணாடி. வீல் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் இங்கிலீஷில் சொல்ல, கோமதிநாயகம் சார் தமிழில் சொன்னார்.

கருப்பு என்பது சரி, ஆனால் வெறும் கருப்பாக இருந்திருக்காதாம். கம்பெனி அடையாளம் ஏதாவது இருந்திருக்குமாம். ஆதாரம் வேண்டுமாம். பழைய ரெக்கார்டு ரூமைத் திறக்கச் சொன்னார். நாங்கள் மூன்று பேர் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு போய்த் தூசி தட்டினோம். 1927ஆம் வருஷத்து ரிஜிஸ்டர் ஒன்று, தலையணை கனம். அதற்குள்ளிருந்து ஒரு கருப்பு வெள்ளை போட்டோவை நிபுணரே எடுத்தார். பார்த்துவிட்டு அவர் உட்கார நாற்காலி கேட்டார்.

போட்டோவை எங்களுக்குக் காட்டவில்லை. கையுறை போட்டவர்கள்தான் தொடலாமாம்.

ஜூலை 3, புதன்

போட்டோவைப் பெரிதாக்கி மீட்டிங் ஹாலில் மாட்டியிருக்கிறார்கள். கூட்டப் போனேன்.

எஞ்சின் முகத்தில், வட்டக் கதவில், குறுக்கே மூன்று வெள்ளைப் பட்டை. நடுவில் ஒரு கருப்புப் பொட்டு. பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு ஒரு ஆள் சிரித்தபடி.

கரிச்சட்டி, அது நீ.

எங்கள் அப்பா கல்யாணத்துக்குக் கட்டின வாட்ச் உன் இடது கையில். காலில் ரப்பர் செருப்பு. முகத்தில் தாடி.

நீ தாடி வைத்தது ஒரே ஒரு தடவை, எண்பத்தஞ்சில். அந்த வருஷம் நம் வீட்டில் ஆயுத பூஜை இல்லை. நீயும் எஞ்சின் ஷெட்டுக்குப் போகவில்லை. அப்படித்தான் எனக்கு நினைவு.

ஹாலைக் கூட்டாமல் வந்துவிட்டேன். திட்டு வாங்கினேன்.

ஜூலை 4, வியாழன்

எனக்கு நினைவு தப்பாது.

ஜூலை 8, திங்கள்

கோமதிநாயகம் சார் ரூமுக்குப் போனேன். அந்தப் போட்டோவில் ஒரு காப்பி வேண்டும், அது என் வீட்டுக்காரர் என்றேன். நம் கல்யாண போட்டோ வெள்ளத்தில் போனபிறகு உன் இளவயசு முகம் என்னிடம் ஒன்றுகூட இல்லையே.

சார் கேட்டார். "உங்க வீட்டுக்காரர் பிறந்தது எந்த வருஷம்?"

"அம்பத்தெட்டுங்க."

"போட்டோ இருபத்தேழு. பிறக்கறதுக்கு முப்பத்தொரு வருஷம் முன்னாடி எப்படிம்மா டியூட்டிக்கு வந்திருப்பாரு?"

"அவரு எப்பவும் டியூட்டிக்கு முன்னாடியே போயிடுவாருங்க."

சார் சிரித்துவிட்டார். பிறகு சிரிக்காமல், "போங்கம்மா, வேலையைப் பாருங்க," என்றார்.

இது வெள்ளைக்காரன் எடுத்த படமில்லை, ஆயுத பூஜைக்குப் படம் பிடிக்கக் கடைத்தெரு ஸ்டூடியோக்காரன் வருவானே, அவன் எடுத்தது. பெரிய ரிஜிஸ்டருக்குள் வைத்தால் சுருளாது என்று யாரோ செருகியிருக்கிறார்கள். இதைச் சொல்வதற்குள் போன் வந்தது. சார் எழுந்து நின்றார்.

ஜூலை 23, செவ்வாய்

நிபுணர் அறிக்கை வந்துவிட்டது. நாற்பது பக்கம். மூன்று வெள்ளைப் பட்டையும் அந்தக் காலத்து ரயில் கம்பெனியின் அரிய அடையாளமாம். இருட்டில் எதிரே வருகிறவனுக்குத் தெரிவதற்காக வைத்ததாம். நடுவில் பொட்டு, அது சூரியன் மறையாத ராஜ்ஜியத்தின் சூரியனாம். உலகத்தில் வேறெந்த எஞ்சினிலும் இல்லையாம்.

பெயிண்டர் பீர்முகம்மது பாயைத் தெரியுமே, உன் சிநேகிதர். அவரும் ரிட்டயராகி இப்போது காண்ட்ராக்ட்டில்தான். இன்றைக்கு அந்தப் பட்டையை அவர்தான் அடித்தார். ஏணியைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார்.

"பாத்தியா தங்கச்சி. அஞ்சு வேளை தொழுகிறவன் நான். என்னை விட்டு எஞ்சினுக்கு எனாமல்ல விபூதி வைக்கச் சொல்றாங்க."

"சார்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். சார், இது பூஜைக்குப் போட்ட பட்டை சார்னேன். பெயிண்டு வேலையை மட்டும் பாருங்க பாய்னாரு. தினம் காலையில கண்ணாடி பாத்து அதே பட்டையைத்தான் நெத்தியில போட்டுட்டு வராரு. ஸ்கேல் வச்சு அளந்துக்கலாமான்னு கேட்டேன், கோவம் வந்துடுச்சு."

ஏணி ஆடும் அளவுக்குச் சிரித்தோம். நீ போன பிறகு நான் சத்தமாய்ச் சிரித்தது இன்றைக்குத்தான். பிறகு பாய் சொன்னார், "அந்தப் போட்டோல அவன் பக்கத்துல நானும் நின்னேன். பாதி மூக்கு தெரியுதாம். நிபுணர் தேவையில்லாததுன்னு வெட்டிட்டாராம்."

"அன்னைக்கு அவரு ஷெட்டுக்கு வந்தாரா பாய்?" என்று கேட்டேன்.

பாய் பிரஷ்ஷை டப்பாவில் முக்கி ரொம்ப நேரம் வழித்துக்கொண்டிருந்தார். "ரெண்டாவது கோட்டு காயணும்," என்றார்.

ஆகஸ்ட் 14, புதன்

எஞ்சின் பக்கத்தில் வைக்கப் பலகை தயார். உன் படம் பெரிதாக. கீழே, "பெயர் தெரியாத தொழிலாளி, 1927."

முப்பத்தெட்டு வருஷம் உழைத்தவனுக்கு ஒர்க்‌ஷாப்பில் பேர் தெரியவில்லை. ஒவ்வொரு மாசமும் பென்ஷன் வரும்போது மட்டும் தெரிந்ததா?

எனக்கு இனிமேல் காப்பி வேண்டாம். உன் பேர் அதில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நிபுணர் மறுபடி வந்தார். நான் விளக்குமாறோடு வழியில் நின்றேன். போட்டோவில் வாட்ச்சையும் ரப்பர் செருப்பையும் காட்டி, இருபத்தேழில் ஃபயர்மேனுக்கு ஏது இதெல்லாம் என்று கேட்டேன். கோமதிநாயகம் சார் பல்லைக் கடித்துக்கொண்டு இங்கிலீஷில் சொன்னார்.

நிபுணருக்கு முகமெல்லாம் சந்தோஷம். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சார் தமிழில் சொன்னார். "நல்ல கேள்வியாம். அந்தக் காலத்துத் தொழிலாளிகள் நேரம் தவறாமைக்கு எவ்வளவு மதிப்புக் குடுத்தாங்கன்னு இதுலேர்ந்து தெரியுதாம். அறிக்கையில ஒரு பாரா சேர்க்கப்போறாராம்."

"செருப்பு?"

சார் கேட்டார். நிபுணர் பதில் சொன்னார்.

"மலேயா ரப்பராம்."

ஆகஸ்ட் 27, செவ்வாய்

திறப்பு விழாவுக்கு எஞ்சின் பக்கத்தில் "ஆதித் தொழிலாளிகள்" ரெண்டு பேர் நிற்க வேண்டுமாம். எல்லாரும் தாடி வளர்க்க ஆர்டர். நாலு நாளில் யாருக்கும் சரியாக வரவில்லை. பீர்முகம்மது பாய்க்கு ஏற்கெனவே இருக்கிறதே, அவரை எடுத்துக்கொண்டார்கள்.

வெண்டைக்காய் வாங்கினேன். முற்றல்.

செப்டம்பர் 6, வெள்ளி

விழா முடிந்தது. மாலை, மேளம், எல்லாம் உண்டு. பீர்முகம்மது பாய் உன் இடத்தில், உன்னைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு, பெயர் தெரியாத தொழிலாளியாக ரெண்டு மணி நேரம் வெயிலில் நின்றார். தாடிக்கு மை அடித்திருந்தார்கள். வியர்த்துச் சட்டையெல்லாம் கருப்பு.

வந்த பெரியவர் ஒருவர் அவர் தோளைத் தட்டி, "தத்ரூபமா இருக்கு," என்றார்.

விழா முடிந்து பாய் குழாயில் தாடி கழுவிக்கொண்டே சொன்னார், "முப்பத்தொன்பது வருஷம் முன்னாடி நிஜமா நின்னேன், வெட்டிட்டாங்க. இன்னைக்கு நடிச்சேன், சால்வை போட்டாங்க."

அந்தச் சால்வையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். குளிர் காலத்துக்கு ஆகும்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

காலையிலேயே நோட்டீஸ் போர்டில் சர்க்குலர். பாரம்பரிய எஞ்சினுக்கு விபூதி, சந்தனம், குங்குமம் எதுவும் வைக்கக் கூடாது. வைத்தால் அதன் ஆதி அடையாளமான மூன்று வெள்ளைப் பட்டைகள் மறைந்துவிடும்.

லேத் மெஷினுக்கு வைத்தார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வைத்தார்கள். என் விளக்குமாறுக்கு நானே ஒரு பொட்டு வைத்தேன். பூனைக்கு மட்டும் பூனையே சம்மதிக்கவில்லை. உன் எஞ்சின் மட்டும் எனாமல் பட்டையோடு தனியாக நின்றது, தீட்டு வீட்டுக்காரன் மாதிரி.

மத்தியானம் எல்லாரும் பொரி வாங்கிக்கொண்டு போனபிறகு கோமதிநாயகம் சார் எஞ்சின் முன்னால் தனியாக நிற்பதைப் பார்த்தேன். அவர் கை நெற்றிக்குப் போய்த் திரும்பி வந்தது. என்னைக் கண்டதும் உள்ளே கூப்பிட்டார். வயசான காலத்துப் படம் ஒட்டின உன் வேலைக் கார்டை அவர் மேஜைமேல் வைத்தேன். எடுத்துப் பார்த்தார். அவர் ரூம் சுவரிலும் மாட்டியிருக்கிற அந்தப் போட்டோவைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்மா," என்றார். "முதல் நாளே தெரியும். சொல்றதுக்குள்ள அறிக்கை மேல போயிடுச்சு. மூணு பேர் கையெழுத்துப் போட்டது. என்னோடதும் சேர்த்து."

"பேரு மட்டும் போதுங்க."

"அப்ப மனு எழுதிக் குடுங்க. இந்தப் போட்டோ எப்ப எடுத்தது, உங்களுக்கு எப்படித் தெரியும், நாள் கிழமையோட எழுதணும். சும்மா என் புருஷன்னா எடுத்துக்க மாட்டாங்க. நான் மேல அனுப்பறேன். ஏத்துக்கிட்டா பேரு வரும். எனக்கு வேற ஊர் வரும்."

அக்டோபர் 12, சனி

மனு எழுத உட்கார்ந்தேன். "ஐயா, இந்தப் போட்டோ 1985ஆம் வருஷம் ஆயுத பூஜை அன்று" என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். எப்படித் தெரியும் என்று எழுத வேண்டுமே. தாடி. தாடி ஏன் என்று கேட்பார்கள்.

வீடு கழுவினேன்.

அக்டோபர் 14, திங்கள்

பாயிடம் மறுபடி கேட்டேன். இந்தத் தடவை டப்பாவும் இல்லை பிரஷ்ஷும் இல்லை, அவர் தப்பிக்க முடியவில்லை.

"வந்தான் தங்கச்சி. நான்தான் 'ஏன்டா வந்தே'ன்னு கேட்டேன். வீட்ல உட்கார முடியல பீருன்னான். தீட்டோட எஞ்சினைத் தொடாதேன்னு பெருசுங்க சத்தம் போட்டாங்க. அவன் கேக்கல. தட்டுல இருந்த விபூதியை முழுசா அள்ளி அவனே அந்தப் பட்டையைப் போட்டான். விரல் மூணையும் அகலமா வச்சு, இந்தக் கடைசிலேர்ந்து அந்தக் கடைசி வரைக்கும். போட்டோக்காரன் சிரிங்கன்னான். எல்லாரும் சிரிச்சோம்."

"அவருமா?"

"படத்துல இருக்கே."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. ஆக, உலகத்தில் வேறெந்த எஞ்சினிலும் இல்லாத அந்த அடையாளம் உன் மூன்று விரல்.

அக்டோபர் 15, செவ்வாய்

மனுவை எழுதிக் கொடுத்துவிட்டேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன், எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்ததை.

"ஐயா, எங்கள் மகள் செவந்தி ஒன்றரை வயதில் காய்ச்சலில் இறந்தாள். அதனால் என் கணவர் தாடி வளர்த்தார். அவள் இறந்த ஒன்பதாம் நாள் ஆயுத பூஜை வந்தது. அந்தத் தாடி பதினாறாம் நாள் எடுக்கப்பட்டது. அதன்பின் அவர் தாடி வைத்ததில்லை. ஆகையால் இந்தப் போட்டோ அன்றுதான் எடுத்திருக்க வேண்டும். பெயர் சேர்த்து உதவ வேண்டுகிறேன்."

எட்டு வரி. சார் நின்றுகொண்டே படித்தார். போன் வரவில்லை, ஆனாலும் நின்றார்.

நீ அன்றைக்குப் பிள்ளையைப் புதைத்த இடத்தில் உட்கார்ந்திருந்ததாகத்தான் என்னிடம் சொன்னாய். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தாய். மனுவில் அதை எழுதவில்லை. அவர்களுக்கு எதற்கு.

அக்டோபர் 30, புதன்

மழை. பூனைக்கு செக்‌ஷன் ஒதுக்கிவிட்டார்கள். சிக்னல் டிபார்ட்மெண்டாம்.

நவம்பர் 18, திங்கள்

மேலிடத்து உத்தரவு வந்தது. சார் படித்துக் காட்டினார். என் மனு மனிதாபிமானத்தோடு பரிசீலிக்கப்பட்டதாம். சம்பந்தப்பட்ட தொழிலாளியின் பெயரைச் சேர்க்கலாமாம். ஆனால் வருஷம் குழு ஒப்புக்கொண்ட வருஷம், அதை மாற்ற வழியில்லையாம். பட்டையையும்.

சாருக்கு ஊர் மாற்றவில்லை. அவரே கொஞ்சம் ஏமாந்தாற்போல இருந்தார்.

பாய்தான் பலகையை எழுதினார். "ஃபயர்மேன் வீரபுத்திரன், 1927."

சாயங்காலம் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு டீச்சர் வந்தது. பலகையைப் படித்துவிட்டு, "இவர் வெள்ளைக்காரன் காலத்தில் வாழ்ந்தவர்," என்று சொன்னது. ஒரு பெண், "இவங்க பிள்ளைங்க இப்ப இருப்பாங்களா டீச்சர்?" என்று கேட்டது. டீச்சர், "அவங்களும் போயிருப்பாங்கம்மா, நூறு வருஷம் ஆச்சே," என்றது. சொன்னதில் பாதி சரி. பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் நகருங்க, போட்டோ எடுக்கணும்," என்றது. நகர்ந்தேன்.

எல்லாரும் போனபிறகு உன் முகத்துக்கு நேரே நின்று ரொம்ப நேரம் பார்த்தேன். கோபம் வரும் என்றுதான் நின்றேன். நாலு மாசமாகச் சேர்த்து வைத்திருந்தேன். பிள்ளையை மண்ணில் வைத்து ஒன்பது நாளில் பல் தெரிய நிற்கிறாயே என்று கேட்க.

கேட்க வாய் வரவில்லை. ஏனென்று சொல்கிறேன்.

அன்றைக்கு நீ வெளியே போனதும் நான் பாயிலே கிடந்தேன் என்றுதான் உனக்குத் தெரியும். மத்தியானம் பக்கத்து குவார்ட்டர்ஸ் லூர்து அக்கா தீட்டு வீடென்று பார்க்காமல் உள்ளே வந்தது. முந்தானையில் பொரியும் கடலையும் வெல்லமும். தின்னு என்றது. தின்றேன். ஒன்பது நாள் கழித்து அன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது. இனிப்பாய் இருந்தது கரிச்சட்டி. லூர்து அக்கா அவள் வீட்டுக்காரர் தன் சைக்கிளுக்குப் பொட்டு வைக்கக் குனிந்து, சைக்கிளோடு சாக்கடையில் விழுந்த கதையைச் சொன்னது. நான் சிரித்துவிட்டேன். சின்னச் சிரிப்பு இல்லை. தெருவுக்குக் கேட்டிருக்கும்.

நீ வாசலில் செருப்பை விடும் சத்தம் கேட்டதும் புடவையில் ஒட்டின பொரியைத் தட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். உன் விரலில் விபூதி இருந்திருக்கும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. தரையில் ரெண்டு பொரி கிடந்திருக்கும். நீ கேட்கவில்லை. ரெண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தோம்.

அன்றைக்கு நான் எழுந்து உட்கார்ந்து, "இன்னைக்கு நான் சிரிச்சிட்டேன்" என்று உன்னிடம் சொல்லியிருந்தால், நீயும் சொல்லியிருப்பாயா?